வழித்துணையாய் ஒரு நூல்



பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தையும் அமைய வேண்டிய அழகுகள் பத்தையும் வகுத்துரைத்தார். தமிழ் பயின்றோர் அனைவரும் இவற்றை ஒருகாலத்தில் மனப்பாடம் செய்திருப்பர். தேர்வு முடிந்தபின் பெரும்பாலோர் மறந்துமிருப்பர். குற்றங்களின் வரிசையில் இறுதியாக நிற்பது ‘நின்று பயன் இன்மை’. சொற்கள் இருக்கும், அவற்றால் ஆவது ஒன்றும் இராது என்பது அதன் கருத்து. ஒரு நூலால் பயனுண்டா என்பதைப் பாராட்டு மேடையிலும் மதிப்புரைப் பக்கத்திலும் முழுமையாக அறிய இயலாது. பாலை நிலத்துச் சாலையில் வண்டி நின்றுபோய்க் கலங்கி நிற்கும் ஒருவர் கையில் அந்நூலைக் கொடுத்துப் பார்த்தால் அப்போதே தெரிந்துவிடும். அச்சோதனையில் பன்முறை தேறிய நூல் ஒன்று உண்டு. அது கவிதையுமன்று, கதையுமன்று. பழைய கார் ஒன்றைப் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் நூல் அது. அதன்வழி உரைநடையின் கடமையை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

காற்றை நம்பிய எஞ்சின்

வோக்ஸ்வாகன் ‘பீட்டில்’ காரை நேரில் காணாதவரும் படத்தில் கண்டிருப்பர். வண்டின் முதுகு போன்ற வளைவால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. 1930களில் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த அவ்வண்டியின் தொடக்கம் பெருமைக்குரியதன்று. நாஜி அரசு அதனை ‘மக்கள் கார்’ எனப் பறைசாற்றிச் சேமிப்புத் திட்டம் ஒன்றை நடத்தியது. பணம் கட்டிய எளிய மக்களுள் ஒருவர்க்கும் அவ்வரசின் காலத்தில் வண்டி கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் அத்தொழிற்சாலையில் கட்டாய உழைப்பாளிகள் அல்லலுற்றனர். போர் முடிந்த 1945-ஆம் ஆண்டில் பிரித்தானியப் படையின் மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் பொறுப்பேற்று ஆலையை மீண்டும் இயக்கினார். பின்னர் அவ்வண்டி உலகெங்கும் பரவியது. 2003 ஜூலை 30 அன்று மெக்சிகோவின் பியூப்லா நகரில் கடைசி வண்டி வெளிவந்தபோது மொத்த எண்ணிக்கை 2 கோடியே 15 இலட்சத்தைக் கடந்திருந்தது.

இவ்வண்டியின் எஞ்சின் பின்புறத்தில் இருப்பது. அதைக் குளிர்விப்பது தண்ணீரன்று, காற்று. நம்மூர்ச் சாலைகளில் ஓடும் பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் சிலிண்டரைச் சுற்றி உலோகத் தகடுகள் அடுக்கடுக்காக அமைந்திருப்பதைக் கண்டிருப்போம். வெப்பம் அத்தகடுகளில் பரவிக் காற்றில் கலந்துவிடும். பீட்டிலிலும் அதே முறைதான். ஆயின் மூடிய பெட்டிக்குள் எஞ்சின் இருப்பதால் காற்றை உள்ளே செலுத்த ஒரு விசிறி தேவைப்பட்டது. அவ்விசிறி டைனமோவின் தண்டிலேயே பொருத்தப்பட்டது. இரண்டையும் சுழற்றுவது ஒரே ஒரு ரப்பர் பெல்ட். எஞ்சினுக்குள் இருக்கும் இரண்டரை லிட்டர் எண்ணெயும் வெப்பத்தைச் சுமந்து வெளியேற்றும். ரேடியேட்டர் இல்லை, ஆதலால் அது ஒழுகுவதில்லை. தண்ணீர் இல்லை, ஆதலால் கோடையில் கொதிப்பதுமில்லை, பனியில் உறைவதுமில்லை. எளிமையே இதன் வலிமை. அதே எளிமை உடைமையாளர் மீது ஒரு பொறுப்பையும் சுமத்தியது. பெல்ட்டும், எண்ணெயும், மயிரிழை போன்ற சில இடைவெளிகளும் சரியாக இருக்கும்வரை எஞ்சின் வாழும். அவற்றுள் ஒன்று தவறினும் விரைவில் கெடும்.

நூலும் ஆசிரியரும்

1969-இல் அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாண்டா ஃபே நகரிலிருந்து ஒரு நூல் வெளிவந்தது. ‘உங்கள் வோக்ஸ்வாகனை உயிரோடு வைத்திருப்பது எப்படி’ என்பது அதன் தலைப்பின் பொருள். முழுப் பேதைக்கும் உரிய படிப்படியான வழிமுறைகள் என்பது துணைத்தலைப்பு. ஆசிரியர் ஜான் மியூர். காடுகளையும் மலைகளையும் காக்கப் போராடி 1914-இல் மறைந்த இயற்கையியலாளர் ஜான் மியூர் வேறு, இவர் வேறு. இவர் பொறியியல் பயின்று விமானத் தொழிலில் பணிபுரிந்தவர், அவ்வாழ்வை விட்டு விலகிப் பழைய வண்டிகளோடு வாழ்ந்தவர், 1977-இல் காலமானார். நூலைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். பீட்டர் அஷ்வாண்டன் அதற்கு வரைந்த கோட்டோவியங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. இருபது இலட்சம் படிகளுக்கு மேல் அந்நூல் விற்றது.

துணைத்தலைப்பில் ‘முழு’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லை மியூர் பழைய எழுத்துக்கூட்டலில் எழுதினார். 1653-இல் ஐசக் வால்டன் எழுதிய தூண்டில் மீன்பிடிப்பு நூலின் பெயரை அது நினைவூட்டும். கைத்தொழிலைச் சொல்லும் நூலும் இலக்கியமாகலாம் என்னும் மரபில் தம் நூலை அவர் வைத்தார் எனலாம். ‘பேதை’ என்ற அழைப்பும் இகழ்ச்சியன்று. அறியாதவர் தம் அறியாமைக்கு நாணாமல் உள்ளே வரலாம் எனக் கதவைத் திறந்துவைத்த சொல் அது. அந்நூலின் ஏடுகள் கம்பிச் சுருளால் கட்டப்பட்டன. தரையில் விரித்து வைத்தால் தாமே மூடிக்கொள்ளா. வாசகர் எங்கிருந்து படிக்கப் போகிறார் என்பதை எண்ணிப் பார்த்தவர்க்கே இத்தகைய கட்டமைப்புத் தோன்றும்.

விளங்கும் எடுத்துக்காட்டு வேண்டும் என்பதும் நன்னூலார் கட்டளையே. ஆதலால் ஒரு பயணத்தைக் கற்பனையாகக் கொள்ளலாம். 1970களின் தொடக்கத்தில் ஒரு கோடைக்காலம். சகோதரியர் இருவர் 1967-ஆம் ஆண்டுப் பீட்டிலில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சாண்டா ஃபே நோக்கிப் புறப்படுகின்றனர். தொலைவு 1,300 கிலோமீட்டருக்கு மேல். இருவருக்கும் பொறியியல் தெரியாது. பின்னிருக்கையில் ஒரு கருவிப் பையும், ஒரு மாற்றுப் பெல்ட்டும், இந்நூலும் இருக்கின்றன. இனி வரும் மூன்று பழுதுகளும் ஒரே பயணத்தில் நேர்வது அரிது; விளக்கம் கருதி அவை இங்கே ஒன்றுசேர்க்கப்பட்டன.

சிவப்பு விளக்கு

மோஹாவி பாலைவனத்தின் நண்பகல் வெப்பம் கோடையில் 40 பாகையைத் தாண்டும். அங்கே ஓடிக்கொண்டிருந்த வண்டியின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு எரிகிறது. அது டைனமோவின் விளக்கு. மின்சாரம் உண்டாகவில்லை என்பதே அதன் நேர்ப்பொருள். பாட்டரியில் மின்சாரம் இருக்கிறதே, அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்று எண்ணுவது இயல்பு. அவ்வாறு எண்ணிச் சென்றால் எஞ்சின் வெந்துபோகும். டைனமோ நின்றதற்குப் பெல்ட் அறுந்தது காரணமாயின், விசிறியும் நின்றிருக்கும். விளக்கு சொல்வது மின்சாரத்தைப் பற்றி. உணர்த்துவது வெப்பத்தைப் பற்றி. குறிப்புப் பொருளை நுட்பமாக ஆராய்ந்த மரபில் வந்தவர்க்கு இது புதிதன்று. கவிதையில் குறிப்பைத் தவறவிட்டால் ஒரு நயம் போகும். இங்கே தவறவிட்டால் எஞ்சினே போய்விடும்.

வண்டியை உடனே ஓரமாக நிறுத்த வேண்டும். எஞ்சின் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். டைனமோவின் கப்பி இரண்டு பாதிகளால் ஆனது. முன்பாதியின் விளிம்பிலுள்ள வெட்டில் திருப்புளியை நுழைத்து அது சுழலாமல் நிறுத்திவிட்டு, நடுவிலுள்ள பெரிய நட்டை 21 மில்லிமீட்டர் ஸ்பானரால் கழற்ற வேண்டும். வெளிப்பாதியை எடுத்தால் இடையில் மெல்லிய வளையத் தகடுகள் சில இருக்கும். அவற்றைக் குறைத்தால் இரு பாதிகளும் நெருங்கும். பெல்ட் மேலேறி இறுகும். கூட்டினால் தளரும். பெருவிரலால் அழுத்தும்போது ஏறத்தாழ அரை அங்குலம் உள்வாங்கினால் பதம் சரி. வேண்டாத தகடுகளை வீசிவிடக் கூடாது. நட்டுக்கு உட்புறமாக அதே தண்டில் கோத்து வைக்க வேண்டும். அடுத்த முறை அவை தேவைப்படும்.

இவ்வளவையும் சாலையோரத்தில் முதன்முறையாகச் செய்பவர்க்குச் சொல்ல வேண்டுமாயின் முறை பிறழக் கூடாது. ‘தகடுகள் கீழே சிதறாமல் பார்த்துக்கொள்க’ என்னும் எச்சரிக்கை, கப்பியைக் கழற்றச் சொல்லும் வாக்கியத்திற்கு முன்னே வரவேண்டும். பின்னே வந்தால் அதற்குள் தகடுகள் மணலில் விழுந்திருக்கும். ‘முறையின் வைப்பு’ என்று நன்னூலார் சொன்ன அழகு இங்கே அழகாக மட்டும் இல்லை. பயணம் தொடர்வதும் நிற்பதும் அதைப் பொறுத்தன.

அறுந்த கேபிள்

நீடில்ஸ் என்னும் சிற்றூர் கொலராடோ ஆற்றங்கரையில் ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிழக்கே ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. இடைப்பட்ட நெடும் ஏற்றம் காற்றால் குளிரும் எஞ்சினுக்குப் பெருஞ்சோதனை. மேல் கியரில் மெல்ல முக்கி ஏறினால் எஞ்சினுக்குச் சிரமம் குறையும் என்று புதியவர் நினைப்பர். உண்மை அதற்கு மாறானது. கீழ்க் கியருக்கு மாற்றினால் எஞ்சின் விரைந்து சுழலும். விசிறியும் உடன் விரையும். காற்று மிகுதியாகப் பாயும். காரணத்தையும் சேர்த்துச் சொன்னாலன்றி இவ்வறிவுரையை ஒருவரும் நம்பமாட்டார். கட்டளை மட்டும் தரும் நூலுக்கும் காரணம் கூறும் நூலுக்கும் உள்ள வேறுபாடு இது. காரணம் அறிந்தவர் நூலில் சொல்லாத இடத்திலும் தாமே முடிவெடுப்பார்.

ஏற்றத்தின் நடுவில் ஆக்சிலேட்டர் கேபிள் அறுகிறது. மிதியை அழுத்தினாலும் எஞ்சின் வேகம் கூடவில்லை. முன்புற மிதியிலிருந்து வண்டியின் நீளம் முழுதும் ஓடிப் பின்புறக் கார்புரேட்டரை அடையும் கம்பி அது. மாற்றுக் கம்பி கைவசம் இல்லை. ஆயினும் வழியுண்டு. கார்புரேட்டரின் நெம்புகோலுக்கும் அதைத் தடுத்து நிறுத்தும் திருகுக்கும் இடையில் ஒரு சிறு மரத்துண்டைச் செருகினால் எஞ்சின் ஓரளவு வேகத்தில் நிலையாக ஓடும். கிளட்ச்சையும் கியரையும் கொண்டே வண்டியை மெல்லச் செலுத்தி அடுத்த ஊரைச் சேர்ந்துவிடலாம். இது செப்பமான பழுதுநீக்கம் அன்று; ஊர் சேர்வதற்கு மட்டும் உரிய உபாயம். நேர்மையான நூல் இவ்விரண்டையும் வேறுபடுத்திச் சொல்லும். இவ்வேறுபாட்டை மறைக்கும் நூல் வாசகரை இன்னொரு வழியோரத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

விடியற்காலைப் பணி

ஃபிளாக்ஸ்டாஃப் அருகே இரவு தங்குகின்றனர். எஞ்சினில் வழக்கமாகக் கேட்கும் ‘டக்டக்’ என்னும் டாப்பெட் சத்தம் அன்று மாலை குறைந்திருந்தது. புதியவர் இதனைக் கேட்டு மகிழ்வார். பீட்டிலை அறிந்தவரோ அஞ்சுவார். ஏனெனில் வால்வின் முனைக்கும் அதனை இயக்கும் கைக்கும் இடையே மிகச் சிறு இடைவெளி இருந்தாக வேண்டும். அவ்விடைவெளியே அச்சத்தத்தைத் தருகிறது. கடும் வெப்பத்தில் வெளிப்போக்கு வால்வு நாளடைவில் நீண்டு இடைவெளியைத் தின்றுவிடும். அப்போது சத்தம் அடங்கும், வால்வு முழுதும் மூடாது, கருகத் தொடங்கும். இறுதியில் அதன் தலை ஒடிந்து உள்ளே விழுந்து எஞ்சினை நொறுக்கும். மூன்றாம் சிலிண்டருக்கு இவ்விடர் மிகுதி. அக்கால வண்டிகளில் எண்ணெயைக் குளிர்விக்கும் கருவி அச்சிலிண்டருக்கு வரும் காற்றின் பாதையில் நின்றது. 1971-ஆம் ஆண்டு மாதிரிகளிலேதான் அது இடம் மாற்றப்பட்டது.

இவ்விடைவெளி பெரும்பாலான பீட்டில் எஞ்சின்களுக்கு ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தால் ஆறு பங்கு, ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர். எஞ்சின் முற்றும் குளிர்ந்திருந்தாலன்றி இதனை அளக்க இயலாது. ஆதலால் இரவெல்லாம் காத்திருக்க வேண்டும். பொறுமையும் இங்கே ஒரு கருவியே.

விடியற்காலையில் அக்கா வண்டிக்கடியில் படுக்கிறார்; தங்கை நூலை வாசிக்கிறார். எண்ணெய் படிந்த கையால் ஏட்டைப் புரட்ட இயலாதன்றோ! எனவே அந்நூல் காதால் கேட்கப்படுகிறது. ஒரு வாக்கியம் இரண்டு செயல்களைச் சொன்னால் கை தடுமாறும். ‘அதை’ என்னும் சுட்டு எதைக் குறிக்கிறது என்று ஐயுற்றால் வேலை நிற்கும். ‘இடப்பக்கம்’ என்றால் எஞ்சினுக்குப் பின்னே நின்று பார்ப்பவரின் இடமா, எதிரே நின்று பார்ப்பவரின் இடமா? இதனை முதலிலேயே வரையறுக்காத நூல் மூன்றாம் சிலிண்டருக்குப் பதிலாக முதலாம் சிலிண்டரைத் திருத்தச் செய்யும். ‘மயங்க வைத்தல்’ என்னும் குற்றத்திற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

நான்கு சிலிண்டர்களும் எரியும் வரிசை 1, 4, 3, 2. எஞ்சினின் கப்பியை வழக்கமான திசைக்கு எதிராக அரைச்சுற்று அரைச்சுற்றாகத் திருப்பினால் 1, 2, 3, 4 என்னும் எளிய வரிசையில் வால்வுகளைச் சரிசெய்யலாம். எஞ்சினின் வரிசையை மாற்ற இயலாது; ஆனால் கற்பவரின் மனத்திற்கேற்ற வரிசையில் அதனை அணுக இயலும். நல்லாசிரியர் செய்வதும் இதுவே. ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு இடைவெளியில் சற்றே உரசி நுழைகிறது. எட்டு வால்வுகளும் முடிந்து எஞ்சினை முடுக்கியபோது ‘டக்டக்’ சத்தம் மீண்டும் கேட்கிறது. இருவர் முகத்திலும் அச்சம் நீங்குகிறது.

கூறியது கூறல்

ஓரிடத்தில் மட்டும் இத்தகைய நூல் நன்னூலார் விதியோடு முரண்படுவது போலத் தோன்றும். வண்டியை ஜாக்கியில் மட்டும் தூக்கிவைத்து அடியில் செல்லாதே. பெட்ரோல் இருக்குமிடத்தில் தீ வேண்டா. பழைய ரப்பர்க் குழாயில் பெட்ரோல் கசிந்தால் எஞ்சினை முடுக்காதே. இவை போன்ற எச்சரிக்கைகள் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும். ‘கூறியது கூறல்’ குற்றமன்றோ என வினவலாம். ஆனால் இந்நூலை முதலிலிருந்து இறுதிவரை ஒருவர் படித்துவிட்டு வண்டி ஓட்டுவதில்லை. பழுது நேர்ந்த இடத்தில் பழுதுக்குரிய பக்கத்தை மட்டும் திறக்கிறார். அவருக்கு அப்பக்கமே நூல். பீட்டிலின் எஞ்சின் உறை மெக்னீசியக் கலவையால் ஆனது. அது தீப்பற்றினால் அணைப்பது கடினம். முன்பே எண்பதாம் பக்கத்தில் சொல்லியாயிற்று என்னும் விடை அங்கே உதவாது. புதிய பயன் விளையுமாயின் கூறியதைக் கூறுதல் குற்றமாகாது என நம் உரையாசிரியர்களும் அமைதி கண்டனர்.

வீரமும் வழிமுறையும்

நெடும்பயணப் பழுதுகளைப் பற்றி வேறொரு வகைக் கதையும் உண்டு. 1958 அக்டோபரில் ழாக் செகேலா, ழான் குளோத் போதோ என்னும் பிரெஞ்சு இளைஞர் இருவர், காற்றால் குளிரும் இரண்டு சிலிண்டர் எஞ்சின் கொண்ட சிட்ரோயன் ‘டூ சி.வி.’ காரில் பாரிசிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டனர். ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீட்டர் பயணம் செய்து 1959 நவம்பரில் திரும்பினர். சிலி நாட்டுப் பாலைவனத்தில் கியர்ப் பெட்டியின் எண்ணெய் தீர்ந்தபோது வாழைப்பழங்களை அதனுள் இட்டு 300 கிலோமீட்டர் ஓட்டினர் என்பது அவர்களைப் பற்றி வழங்கும் புகழ்பெற்ற செய்தி.

கேட்கச் சுவையான கதை அது. துணிவும் நகைச்சுவையும் அதில் உண்டு. பயண இலக்கியத்திற்கு அதுவும் வேண்டும். ஆயினும் அடுத்து வருபவர் அதை நம்பிப் பயணம் புறப்பட இயலாது. வீரக்கதையில் செயல் புரிபவர் கதைத்தலைவர். வாசகர் வியந்து நிற்பவர். வழிமுறை நூலில் செயல் புரிபவர் வாசகரே. ஆசிரியர் விலகி நிற்கிறார். பழுது நீங்கியதும் வாசகர் தம் திறமையை எண்ணி மகிழ்வாரேயன்றி நூலை எண்ணமாட்டார். அவ்வாறு மறக்கப்படுவதற்கு இசைந்தே அத்தகைய ஆசிரியர் எழுதுகிறார்.

தமிழுக்கு வேண்டுவது

தமிழ்நாட்டின் வழியோரப் பட்டறைகளில் எஞ்சினின் ஓசையைக் கேட்டே நோயறியும் வல்லுநர் பலர் உள்ளனர். அவ்வறிவு பெரும்பாலும் வாய்மொழியாகவே நிற்கிறது. அவரோடு வளர்ந்து அவரோடு மறைகிறது. எழுத முனைவோரோ அகராதியில் மட்டும் வாழும் கலைச்சொற்களை அடுக்கிவிடுகின்றனர். திருப்புளி என்றால் பட்டறைச் சிறுவனும் எடுத்துத் தருவான். டாப்பெட் என்றாலும் அவனுக்குப் புரியும். கை அறிந்த சொல்லே அங்கே நன்மொழி. பிறமொழிச் சொல்லாயினும் கை அறிந்திருந்தால் அதனை ஏற்பதும், தமிழ்ச்சொல் வழக்கில் இருந்தால் அதனை விடாமல் காப்பதும் ஆகிய இரண்டும் எழுதுவோர் கடமை.

இன்று பீட்டில் சாலையை விட்டுப் பெரும்பாலும் அகன்றது. ஆர்வலர் சிலரே அதனைப் பேணுகின்றனர். அதன் இரைச்சலையும் புகையையும் நோக்கும்போது புதிய எஞ்சின்கள் அதன் இடத்தைப் பிடித்தது முறையே. ஆனால் கலங்கி நிற்கும் மனிதர் அகலவில்லை. மருந்துச் சீட்டைக் கையில் வைத்துத் திகைப்பவர், வங்கிப் படிவத்தின் முன் நாணி நிற்பவர், அரசு ஆணையின் ஒரே வாக்கியத்தில் சிக்கித் தவிப்பவர் எனப் பலர் உளர். இவர்களுக்கு வேண்டிய உரைநடையை எழுதுவது தம் தகுதிக்குக் குறைந்த பணி என்று இலக்கியவாணர் கருதினால், அப்பணி மொழியுணர்வு இல்லாதவர் கையில் சேரும். இன்று பெரும்பாலும் அங்கேதான் சேர்ந்திருக்கிறது. ஒரு சொல் மிகினும் குறையினும் பொறாத காது கவிஞர்க்கு உண்டு. அக்காது இவர்களுக்கும் தேவைப்படுகிறது.

பத்தாண்டு நிறைவு கண்ட இவ்வட்டம் அடுத்த பத்தாண்டில் கவியரங்குகளோடு ஒரு பட்டறை வல்லுநரையும் அழைத்து அமரவைக்கலாம். அவர் சொல்ல, கவிஞர் ஒருவர் எழுத, அவ்விருவர்க்கும் தொடர்பில்லாத மூன்றாமவர் அதனைப் படித்து ஒரு பெல்ட்டை மாற்றிக் காட்டலாம். வண்டி புறப்பட்டால் அவ்வுரைநடை தேறியது எனக் கொள்ளலாம்.